பட்டன் டீச்சரின் பழி

என் அக்காவும் கொண்டை டீச்சரும் நேருக்கு நேர் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஆசிரியர் அறை, எதிரெதிர் நாற்காலி. "யாராவது அந்த ஜன்னலைச் சாத்தினா நல்லா இருக்கும்" என்று அக்கா சுவரிடம் சொல்வாள். கொண்டை டீச்சர் மெதுவாக எழுந்து போய், ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டு வருவார்.

இருவரும் ஒன்றாம் வகுப்புக்குத்தான் பாடம் எடுத்தார்கள். ஒரு நீளமான கூடத்தை நடுவில் பலகை அடித்துப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் கொண்டை டீச்சர். அக்கா ரகசியமாகப் பேசுகிறவள். அவர் ஊருக்கே பேசுகிறவர். அந்தப் பக்கத்துச் சத்தத்தில் இந்தப் பக்கத்துச் சாக்பீஸ் டப்பா அதிரும்.

பகை தொடங்கியது ஒரு பட்டனில். அக்காவின் கணவர், என் மாமா, தையல்காரர். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் கடையிலிருந்து ஒரு டப்பா நிறையப் பட்டன்களை அள்ளிக்கொண்டு போனாள். ஐந்து பட்டனை உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டுவாள். பிறகு கைகளைப் பின்னால் கொண்டுபோய் இரண்டாகப் பிரித்து, மூடிய இரண்டு கையையும் முன்னால் நீட்டுவாள். ஒரு கையை மட்டும் திறப்பாள். உள்ளே இரண்டு. "அப்ப இந்தக் கையில எத்தனை ஒளிஞ்சிருக்கு?" ஐந்து என்பது இரண்டும் மூன்றும், அதே ஐந்து நான்கும் ஒன்றும்கூட. முழுசு மாறாது, துண்டுகள் மாறும். ஆறு வயதில் இது கைக்குப் பழகிவிட்டால் பிறகு கூட்டலும் கழித்தலும் தானாக வந்துவிடும் என்பாள்.

ஒரு நாள் ஒரு குழந்தை ஒரு பட்டனை மூக்கில் ஒளித்துவிட்டது. அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தும்ம வைக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று இதைப் பார்த்த கொண்டை டீச்சர் உள்ளே வரவில்லை. நேராகப் போய்த் தலைமையாசிரியரையும், வராந்தாவில் நின்ற நாலைந்து பெற்றோரையும் அழைத்துக்கொண்டு வந்தார். அவர்கள் வந்து நின்ற நொடியில் குழந்தை தும்மியது. பட்டன் பறந்துபோய்த் தலைமையாசிரியரின் சட்டையில் ஒட்டியது.

"பிள்ளைங்க படிக்க வந்தாங்களா, பட்டன் தைக்க வந்தாங்களா?" என்றார் கொண்டை டீச்சர்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அக்காவை ஒன்றாம் வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். யார் லீவு போட்டாலும் அந்த வகுப்பில் போய் உட்கார வேண்டியது அவள் வேலை. மறுபடி ஒன்றாம் வகுப்பு கைக்கு வருவதற்குள் ஊரெல்லாம் அவள் பெயர் பட்டன் டீச்சர் ஆகிவிட்டது. காய் வாங்கப் போனால், "என்ன பட்டன் டீச்சர், தக்காளி வேணுமா?" வீடு பார்க்கப் போனால், "பட்டன் டீச்சருக்கா? மேல் போர்ஷன் காலி." மாமாவின் கடைக்கு இதனால் வியாபாரம் கூடியது. வீட்டுக்குள் அவர் அதைச் சொல்லத் துணிந்ததில்லை.

நான் பல நாடு சுற்றிவிட்டு ஒரு பையும் இருமலுமாகத் திரும்பி வந்து அக்கா வீட்டு மாடியில் தங்கியிருந்த சமயம், பகை முற்றி வெடிக்கிற இடத்துக்கு வந்திருந்தது. பிள்ளைகள் குறைந்துபோனதால் அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்பு ஒன்றே ஒன்றுதான். நடுப்பலகையை எடுத்துவிடப் போகிறார்கள். ஒரு டீச்சர் இருப்பார், இன்னொருவர் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய பள்ளிக்கூடத்துக்குப் போவார். யார் என்பதைக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்து, பாடம் நடத்துவதைப் பார்த்து முடிவு செய்வார்.

"ரெண்டு பஸ்னா என்னக்கா? நான் ஒன்பது பஸ் மாறிப் போயிருக்கேன்" என்றேன்.

"நீ போனது ஊர் பாக்க. நான் போனா ஓடிப்போனேன்னு அர்த்தம். அவ அந்தக் கூடம் முழுக்க நடப்பா. பலகை இருந்த இடத்துல நின்னு சிரிப்பா. என் உயிர் போனாலும் அது நடக்கக் கூடாது."

"உயிர் போனப்புறம் பஸ் செலவு மிச்சம்" என்றார் மாமா, வாயில் கவ்வியிருந்த இரண்டு பட்டன்களைக் கையில் எடுத்துக்கொண்டு. தைக்கும்போது அடுத்துத் தைக்க வேண்டியதை உதட்டில் இடுக்கிக்கொள்வது அவர் வழக்கம்.

"நீங்க வாயை மூடுங்க."

"மூடித்தான் இருந்துச்சு. பட்டன் போட்டு."

வீட்டில் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அக்காவின் வகுப்புச் சுவரில் படம் வரைந்து தருகிறேன் என்று கூடவே போனேன். பலகையை ஒட்டி ஏணி போட்டு உட்கார்ந்து வேலை செய்தேன். பலகையில் ஓர் ஆணி பிடுங்கிய ஓட்டை இருந்தது. நான் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து வரைந்ததைவிட அந்த ஓட்டையில் கண் வைத்திருந்ததுதான் அதிகம்.

கொண்டை டீச்சர் எப்போதும் தோளில் கைப்பை மாட்டியே பாடம் எடுப்பார். "அஞ்சுல ரெண்டு போனா?" என்று கேட்பார். பிள்ளைகள் கூரை பறக்க "மூணூ!" என்பார்கள். "அஞ்சுல நாலு போனா?" "ஒண்ணூ!" ஒரு பிள்ளைகூடத் தடுமாறவில்லை. இது என்ன அதிசயம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பாஷை தெரியாத சந்தைகளில் விரலைக் காட்டி விலை பேசியே பிழைத்தவள் நான். விரல்கள் பேசுவது என் கண்ணுக்குத் தப்பாது. கைப்பையின் பட்டையைப் பிடித்திருந்த அவருடைய கையில், ஒவ்வொரு கேள்விக்கும் விடை நின்றது. மூன்று விரல் நிமிர்ந்தால் மூணு. ஒன்று நிமிர்ந்தால் ஒண்ணு.

அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது அக்காவிடம் சொன்னேன். தெரு நடுவில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போனான். அவளுக்குக் காதில் விழவில்லை.

"விரலைக் காட்டறாளா?"

"ஆமாக்கா."

"பட்டையைப் பிடிக்கிற மாதிரி?"

"அதே மாதிரி."

அக்கா சிரித்தாள். நான் திரும்பி வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை. பசித்தவள் சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தது போல இருந்தது அந்த முகம்.

"உடனே போய்ச் சொல்லிடலாமா?" என்றேன்.

"சொன்னா இல்லைன்னு சாதிப்பா. நாலு பேர் முன்னாடி அவளே அவிழ்ந்து விழணும். எனக்குப் பண்ணினாளே, அதே மாதிரி. நாலு பேர் முன்னாடி."

திட்டத்தை மறுநாள் காலைக்குள் போட்டுவிட்டாள். அதிகாரி வரும் நாளில் வகுப்புகளை மாற்றிக்கொள்ள வேண்டும். கொண்டை டீச்சரின் பிள்ளைகளை அக்கா கேட்பாள். அக்காவின் பிள்ளைகளை அவர் கேட்பார். யார் கேட்டாலும் பிள்ளைகள் சொன்னால்தானே அது படிப்பு? விரல் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் ஊமை. இந்தப் பக்கம் பட்டன் யார் கையில் இருந்தாலும் பட்டன்தான்.

"உன் பிள்ளைங்க நல்லாச் சொல்லுவாங்கல்ல?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"என் பிள்ளைங்களா? தூக்கத்துல எழுப்பிக் கேளு."

அதிகாரி அம்மா வந்தார். குட்டையான உருவம், பெரிய தண்ணீர் பாட்டில். அக்கா தேன் தடவிய குரலில், "மேடம், ரெண்டு வகுப்பும் ஒரே பாடம்தான் எடுக்கிறோம். மாத்தி மாத்திக் கேட்டா உங்களுக்கு நல்லாத் தெரியும்" என்றாள்.

"நல்ல யோசனை" என்றார் அதிகாரி. தலைமையாசிரியர் தலையாட்டினார். கொண்டை டீச்சர் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தோளில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டார். "எனக்கென்ன, கேட்கட்டும்."

முதலில் அந்தப் பக்கம் போனோம். அக்கா நடுவில் நின்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டாள். அவள் கேட்ட தொனியில் பல வருஷத்துப் பசி இருந்தது.

"கண்ணுங்களா, அஞ்சுல ரெண்டு போனா மீதி எவ்வளவு?"

சத்தமே இல்லை.

பிள்ளைகள் அவள் தோளைப் பார்த்தார்கள். தோளில் பை இல்லை. இரண்டாவது வரிசையில் ஒரு சின்னப் பெண் எட்டி, அக்காவின் முதுகுப் பக்கம் பார்க்க முயன்றாள். "டீச்சர், உங்க கை எங்க?"

அக்கா அதிகாரியின் பக்கம் திரும்பினாள். பாருங்கள் என்று சொல்லவில்லை. சொன்ன மாதிரியே இருந்தது. கொண்டை டீச்சரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. நான் என் வாழ்நாளில் ஊர் ஊராக எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அந்த முகத்தைப் போல ஒரு காட்சி எனக்கு வாய்த்ததில்லை.

அப்போது அந்தச் சின்னப் பெண் தன் தோளுக்கு அருகே கையைக் கொண்டுபோனாள். அங்கே இல்லாத ஒரு பட்டையைப் பிடித்தாள். இரண்டு விரலை மடக்கினாள். நின்ற விரல்களைப் பார்த்தாள்.

"மூணு டீச்சர்."

அவ்வளவுதான். வகுப்பு முழுக்கக் கைகள் தோளுக்குப் போயின. எல்லாரும் குட்டிக் கொண்டை டீச்சர்கள். "ரெண்டு மடங்கிடுச்சு, மூணு நிக்குது!" "நாலு மடங்கினா ஒண்ணு நிக்கும்!" "அஞ்சும் மடங்கினா ஒண்ணுமே நிக்காது!"

அவர் காட்டிய விடையை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. மடங்கிய விரலையும் சேர்த்துத்தான் இத்தனை நாளும் பார்த்திருக்கிறார்கள். ஒரு கை முழுசு. நிற்பது ஒரு துண்டு, மடங்கியது இன்னொரு துண்டு. திருட்டுத்தனமாகக் காட்டிய கையே அவர்களுக்குப் பாடமாகிவிட்டது.

"பத்துல நாலு போனா?" என்று அதிகாரி தானே கேட்டார்.

பிள்ளைகள் இல்லாத பட்டையை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார்கள். "ஆறூ!"

அக்கா ஓரடி முன்னால் வந்தாள். "மேடம், இவங்க டீச்சர் விரலைக் காட்டிக் காட்டித்தான் சொல்ல வைக்கிறாங்க!" என்று கத்திவிட்டாள்.

அதிகாரி அவளை வியப்பாகப் பார்த்தார். "ஒண்ணாங் கிளாசுக்கு விரலைக் காட்டாம எதைக் காட்டறதும்மா?"

கொண்டை டீச்சருக்கு ரத்தம் திரும்பி வந்தது. "அதானே மேடம்" என்றார், ஏதோ பிறந்ததிலிருந்தே அந்த முறையைக் கடைப்பிடிப்பவர் போல.

பிறகு இந்தப் பக்கம். அக்காவின் பட்டன் டப்பாவிலிருந்து ஐந்தை எடுத்து எல்லாருக்கும் காட்டினார் கொண்டை டீச்சர். பின்னால் கொண்டுபோய்ப் பிரித்தார். ஒரு கையைத் திறந்தார். இரண்டு. "இந்தக் கையில எத்தனை?"

அக்காவின் பிள்ளைகள் கையைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். கொண்டை டீச்சர் பேசாதபோது உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறவர். அந்த உதட்டையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்றார் அதிகாரி.

முன் வரிசையில் பல் விழுந்த ஒரு பெண் குழந்தை எழுந்தது. "இந்த டீச்சர் வாயை அசைக்க மாட்டேங்கறாங்க."

"வாயையா?"

"எங்க டீச்சர் கேட்டுட்டு வாயில சொல்லுவாங்க. சத்தம் வராது. நாங்க பாத்துச் சொல்லுவோம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வாய் அப்போதும் அசைந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல் உதடு குவிந்து, விரிந்து, மறுபடி குவிந்தது. மூணு. அவளுக்கே தெரியாது. எண்ணும்போதெல்லாம் அவள் உதடு எண்ணும். சின்ன வயதில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்கணக்குப் போட்டவள் நான். எனக்கு அது அவள் முகத்தின் ஒரு பகுதியாகவே தெரிந்திருந்தது. தனியாகத் தெரிந்ததே இல்லை.

கடைசி வரிசையில் ஒரு குழந்தை மட்டும் பட்டனைப் பார்த்து யோசித்து, மெல்லிய குரலில் "மூணு" என்றது. யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி, தலைமையாசிரியர், கொண்டை டீச்சர். நாலு பேர் முன்னாடி என்று அக்கா கேட்டிருந்தாள். என்னையும் சேர்த்தால் கணக்கு சரியாக இருந்தது.

"அடடா" என்றார் கொண்டை டீச்சர். உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை மறைக்கவா, பிள்ளைகளுக்கு விடை கிடைக்காமல் பார்த்துக்கொள்ளவா என்று இன்றுவரை எங்கள் வீட்டில் வாக்குவாதம் நடக்கிறது. இரண்டும்தான் என்பது என் கட்சி.

கோடை விடுமுறையில் மாற்றல் உத்தரவு வந்தது. இரண்டு பஸ். அக்கா அழவில்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து பட்டனைப் பிரிப்பாள், முகத்தைப் பார்ப்பாள். உதடு அசைந்துவிடும். கண்ணாடியை அறைந்துவிட்டு மறுபடி தொடங்குவாள். பல்லைக் கடித்தால் தாடை அசைந்தது. மூச்சை அடக்கினால் புருவம் எண்ணியது. துணியைச் சுற்றிக்கொண்டு பார்த்தாள்; துணிக்குள் உதடு துடிப்பது வெளியே தெரிந்தது.

"விட்டுத்தள்ளுக்கா. புதுப் பள்ளிக்கூடத்துல யாரு பாக்கப்போறா?"

"அவ பாப்பா. என்னிக்காவது ஒரு நாள் அவளை அங்க வந்து பாக்க வைப்பேன். அதுக்காகவாவது இந்த வாய் அடங்கணும்."

ஒரு நாள் மாமாவுக்குக் காபி கொடுக்கக் கடைக்குப் போனவள், அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதட்டில் பட்டன் இடுக்கியிருந்தால் அவரால் பேச முடியாது, முனக முடியாது, உதட்டை அசைக்கவே முடியாது. அசைத்தால் கீழே விழுந்துவிடும். அக்கா குனிந்து அவர் வாயிலிருந்த பட்டனையே பிடுங்கித் துடைத்துத் தன் உதட்டில் வைத்துக்கொண்டாள்.

"கடையில வெச்சு இதெல்லாம் பண்ணாதே, ஆளுங்க வருவாங்க" என்றார் மாமா.

புதுப் பள்ளிக்கூடத்தில் ஒரே அறை, ஒரே ஜன்னல். அங்கே அவள் பட்டனை உதட்டில் வைத்துக்கொண்டுதான் எண்களைப் பிரிக்கும் பாடம் நடத்தினாள். பேச முடியாது; அதனால் கேள்வியும் கிடையாது. ஐந்தைக் காட்டுவாள், ஒளிப்பாள், ஒரு கையைத் திறப்பாள், காத்திருப்பாள். முதலில் பிள்ளைகள் அவள் வாயைப் பார்த்துச் சிரித்தார்கள். அங்கே ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும் கையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் சொல்ல, இன்னொருவர் மறுக்க, தாங்களாகவே சண்டை போட்டுக்கொண்டார்கள். "ரெண்டு வெளியில இருக்குல்ல, அப்ப உள்ள மூணுதான்!" "எப்படிச் சொல்றே?" "நாலா இருந்தா மொத்தம் ஆறு ஆயிடும்டா, அஞ்சுதானே காட்டினாங்க!" ஒரு நாள் திறந்த கையில் ஐந்தும் இருந்தது. மூடிய கை நீண்டிருந்தது. அறை திகைத்து நின்றது. "உள்ள ஒண்ணுமில்ல. ஆனா அதுவும் ஒரு துண்டுதான்" என்றாள் ஒருத்தி. அதை அக்கா என்னிடம் சொன்னபோது அவள் கண் கலங்கியது. உடனே, "இதை அவ கேட்டிருக்கணும்டி" என்றாள்.

கேட்க வைத்தாள். அந்த வட்டாரத்தில் டீச்சர்கள் எல்லாரும் கூடும் கூட்டம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பள்ளிக்கூடத்தில் நடக்கும். அதிகாரி அம்மாவின் பின்னாலேயே நடந்து, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்து, அடுத்த கூட்டத்தைத் தன் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துவிட்டாள். அன்று வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன். கொண்டை டீச்சர் வந்தார். இரண்டு பஸ் மாறி, வியர்த்து, கொண்டை சரிந்து வந்தார். அது அக்காவுக்கு முதல் இனிப்பு. பிள்ளைகளின் குட்டை பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார வேண்டியிருந்தது. அது இரண்டாவது.

அக்கா, உதட்டில் பட்டனோடு, நேராக அவரிடம் போனாள். ஐந்து பட்டனை அவர் உள்ளங்கையில் வைத்தாள். கேளுங்கள் என்று கையைக் காட்டினாள். கொண்டை டீச்சர் விடுவாரா? பையைக் கழற்றி வைத்தார், வாயை இறுக்கி மூடினார், பட்டன்களைப் பிரித்தார். எதுவும் கசியாத கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நாலு!" "ஒண்ணு வெளியில, நாலு உள்ள!" "இப்ப மூணு!" "இப்ப எல்லாமே உள்ள!"

அவர் வேகமாக மாற்றினார். பிள்ளைகள் அதைவிட வேகமாகச் சொன்னார்கள். வந்திருந்த டீச்சர்கள் கை தட்டினார்கள். அதிகாரி அம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

அக்கா வாயிலிருந்து பட்டனை எடுத்தாள். இத்தனை வருஷம் கழித்து, சுவரிடம் அல்ல, அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"பிள்ளைங்க பட்டன் தைக்க வந்தாங்களான்னு கேட்டீங்களே. தைச்சாச்சு."

கொண்டை டீச்சர் மெல்ல எழுந்தார். பட்டன்களை அக்காவின் கையில் திருப்பி வைத்தார்.

"நல்லாத்தான் சொல்றாங்க" என்றார். அதை அவர் பல்லைப் பிடுங்குவது போலச் சொன்னார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஆனா பாத்தும்மா. மூக்குல போனதையாவது தும்மி எடுத்துடலாம். தொண்டையில போனா யாரைக் கூப்பிடுவே?"

"உங்களைக் கூப்பிட மாட்டேன்."

"கூப்பிட வேண்டாம். நானே நாலு பேரைக் கூட்டிட்டு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும்போது முதல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். இரண்டாவது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. "ஜெயிச்சுட்டியேக்கா, இன்னும் என்ன?" என்றேன்.

"முகம் வாடுச்சா அவளுக்கு? நீ பாத்தியா? வாடவே இல்லையே!" என்றாள். முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் உதடு அசையத் தொடங்கியது. இந்தத் தடவை எண்கள் இல்லை. அடுத்த கூட்டத்தில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக்கொண்டே வந்தேன். நல்லாத்தான் இருந்தது.